வேண்டுமென்றே

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்கு வந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் என் தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "மேடம், இதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. தமிழ்லதான் குடுத்திருக்காங்க, ஆனா படிச்சா பயமா இருக்கு" என்றாள்.

மெமோ. குறிப்பிட்ட தேதியில், இரண்டாவது ஷிஃப்டில், "தாங்கள் வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைக்கும் நோக்கில் மெதுவாகப் பணியாற்றியதாக" மேற்பார்வையாளர் தெரிவித்திருக்கிறார். தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு 48 மணி நேரத்துக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கவும்.

"நெஜமாவே மெதுவா பண்ணினியா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்" என்றாள்.

அன்று நடந்தது இது. அவளுடையது பெல்ட் ஓடும் லைன் இல்லை. ஒருத்தி தன் வேலையை முடித்து அடுத்த ஸ்டேஷனுக்குப் பீஸைத் தள்ளிவிட வேண்டும். ஒரு பீஸுக்கு 20 நொடி. அடுத்த ஸ்டேஷனில் இருந்த பெண்ணுக்கு இரண்டு நாள் காய்ச்சல். லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று எழுந்து வந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முன்னால் பீஸ் குவிந்தது. குவிந்தால் லைன் லீடர் வந்து எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். அதனால் என் மாணவி ஒவ்வொரு பீஸையும் மூன்று நொடி கூடுதலாகத் தன் கையிலேயே வைத்திருந்தாள். ஷிஃப்ட் முடியும்போது டார்கெட்டில் எண்பது சொச்சம் குறைந்திருந்தது. குறை யாருடைய ஸ்டேஷனில் விழுந்தது என்று கம்ப்யூட்டர் காட்டிவிட்டது.

அவளே ஒரு பதில் எழுதிப் பார்த்திருந்தாள், மெமோவின் பின்பக்கத்திலேயே, பென்சிலில். கடைசி வரி: "வேணும்னேதான் பண்ணேன் சார்."

அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் அந்தச் சொல்.

வேண்டும், என்று, ஏ. பிரித்தால் இவ்வளவுதான். 'இது வேண்டும்' என்று உள்ளே சொல்லிக்கொண்டு செய்தல். அந்த ஏகாரம் அதை அழுத்தி, வேறு எதனாலும் இல்லை என்கிறது. வேண்டுதலும் வேண்டுகோளும் வேண்டாமும் பிறந்த அதே வேர். ஒரு பெண் தனக்கென்று ஒன்றை விரும்பி, அதைச் சொல்லி, செய்துமுடிப்பதற்குத் தமிழில் இதைவிடச் சுத்தமான சொல் கிடைக்காது என்றுதான் பிரித்துப் பார்க்கும்போது தோன்றும். ஆனால் யாராவது இதை நல்ல காரியத்துக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேண்டுமென்றே மிதித்தான், வேண்டுமென்றே தாமதித்தாள், வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். "வேண்டுமென்றே எனக்கு உதவினாள்" என்று ஒருவர் சொன்னால், அந்த உதவியில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். நல்லதற்கு மனமுவந்து, விரும்பி, தானாக முன்வந்து என்று வேறு சொற்கள் இருக்கின்றன. கெட்டதற்குத்தான் வேண்டுமென்றே. அகராதி சொல்லும் பொருள் 'மனமறிந்து'. வழக்கில் அது பாதிக் குற்றப்பத்திரிகை.

இது தமிழுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. ஜோஷுவா நோப் என்ற அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் 2003இல் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார். பூங்காவில் இருந்தவர்களிடம் ஒரு கதை சொன்னார். ஒரு கம்பெனித் தலைவரிடம் புதிய திட்டம் வருகிறது: லாபம் வரும், சுற்றுச்சூழலுக்குக் கேடு வரும். "சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, லாபம்தான் வேண்டும், தொடங்குங்கள்" என்கிறார் தலைவர். கேடு விளைகிறது. அவர் வேண்டுமென்றே கேடு செய்தாரா? 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். வேறு சிலரிடம் அதே கதையில் 'கேடு' என்ற இடத்தில் 'நன்மை' என்று மாற்றிச் சொன்னார். தலைவர் அதே அலட்சியத்தோடு அதையேதான் சொல்கிறார், நன்மை விளைகிறது. வேண்டுமென்றே நன்மை செய்தார் என்றவர்கள் 23 சதவீதம் பேர். மனநிலை ஒன்றுதான், விளைவு கெட்டதாக இருக்கும்போது மட்டும் சொல் ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கம்பெனித் தலைவரைப் பார்த்து அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் சிப்காட் சாலையில் அதே சொல் எப்போதும் லைனில் நிற்பவளை நோக்கி மட்டும் எப்படிப் போகிறது?

போகிறது என்பது என் மனத்தாங்கல் மட்டும் அல்ல. சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பாதுகாப்பு விதியை 'வேண்டுமென்றே' மீறிய தொழிலாளிக்குக் காயம் பட்டால், மரணம் போன்ற பெரும் இழப்பு நேர்ந்தால் ஒழிய, முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் தொழிலாளர்களின் கடமைகளைச் சொல்லும் 111ஆம் பிரிவில் மூன்று உட்பிரிவுகள் அடுத்தடுத்து இந்தச் சொல்லோடுதான் தொடங்கின. தொழில் தகராறு சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணை, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைத் தொழிலாளர் தரப்பின் நியாயமற்ற செயல் என்று பட்டியல் போட்டது. என் மாணவியின் கையில் இருந்த மெமோவுக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது.

அந்த மெமோவில் 'ஏன்' என்ற சொல்லும் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். 'ஏன் மெதுவாகச் செய்தீர்கள்' என்று அது கேட்கவில்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்றுதான் கேட்டது.

எலிசபெத் ஆன்ஸ்கோம் இதில்தான் எனக்கு உதவினார். விட்கென்ஸ்டைனின் மாணவி, 1957இல் 'இன்டென்ஷன்' என்ற சிறிய புத்தகத்தை எழுதியவர். அதற்கு முந்தைய வருடம், அணுகுண்டு போட உத்தரவிட்ட ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முடிவு செய்தபோது எழுந்து நின்று எதிர்த்தவர். ஒரு செயல் மனமறிந்து செய்தது என்று எப்போது சொல்வோம்? 'ஏன் செய்தாய்?' என்ற கேள்வி அதற்குப் பொருந்தும்போது என்கிறார் அவர். தும்மியவளிடம் ஏன் தும்மினாய் என்று அந்த அர்த்தத்தில் கேட்க முடியாது. கதவை மூடியவளிடம் கேட்கலாம். அவள் ஒரு காரணம் சொல்வாள். அந்தக் காரணம்தான் செயலின் உள்பக்கம். அப்படியென்றால் ஒருவரின் செயலை 'வேண்டுமென்றே' என்று அழைக்க விரும்புகிறவருக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது. 'ஏன்' என்று கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மெமோ சொல்லை எடுத்துக்கொண்டது, கேள்வியை விட்டுவிட்டது.

ஆன்ஸ்கோம் சொல்லும் இன்னொன்று: ஒரே செயலுக்குப் பல விவரிப்புகள் உண்டு, ஒரு விவரிப்பின் கீழ் மனமறிந்து செய்ததாக இருப்பது இன்னொரு விவரிப்பின் கீழ் அப்படி இல்லாமல் போகலாம். அவள் பீஸை மூன்று நொடி கையில் வைத்திருந்தாள். தோழிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தாள். உற்பத்தியைக் குறைத்தாள். மூன்றும் ஒரே கையசைவு. 'எதற்காக?' என்று கேட்டால் முதலாவது இரண்டாவதற்காக. மூன்றாவது அவள் நோக்கமே அல்ல; அவளுக்குத் தெரியும், ஆனால் அதற்காகச் செய்யவில்லை. 'உற்பத்தியைக் குறைக்கும் நோக்கில்' என்ற மெமோவின் மூன்று சொற்கள் தவறு. 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல் சரி. இப்படி ஒரு விளக்கத்தை ஹெச்.ஆர். மேஜையில் வைக்க முடியுமா என்று கேட்காதீர்கள்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வியை நானே கேட்டுக்கொள்ள வேண்டும். 'உற்பத்தி குறையும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அது அவள் நோக்கம் இல்லை' என்று அவளுக்கு நான் தரும் விலக்கை எல்லோருக்கும் தருவேனா? பஸ்ஸில் இடித்துவிட்டு "தெரியாம பட்டுடுச்சு சிஸ்டர்" என்கிறவனுக்கு? வாலாஜாபாத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ கூட்ட நெரிசலில் வந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. அங்கே கணக்கு தலைகீழ். அவன் வேண்டுமென்றே செய்தான் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அவன் மனதுக்குள் யார் போய்ப் பார்த்தது?

இந்த இடத்தில் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. 'வேண்டுமென்றே'வுக்கும் 'தெரியாமல்'என்பதற்கும் நடுவே நாம் தினமும் பேசும் ஒரு சொல் இருக்கிறது: தெரிந்தே. "வேணும்னு பண்ணலப்பா" என்று ஒருவர் சொல்லும்போது, "ஆனா தெரிஞ்சேதானே பண்ணின" என்று வீட்டில் எந்தப் பாட்டியும் கேட்பார். அது எனக்கு வேண்டும் என்று அவர் செய்திருக்க மாட்டார். ஆனால் அது நேரும் என்று தெரியும்; தெரிந்தும் செய்தார், அல்லது தெரிந்தும் சும்மா இருந்தார்.

சட்டத்துக்கும் இந்த நடுச்சொல் தெரியாமல் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 39ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுத்தது. கொள்ளையடிக்க வசதியாக ஒருவன் இரவில் ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறான். உள்ளே ஒருவர் இறந்துபோகிறார். கொல்வது அவன் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம், இறந்ததற்கு அவன் வருந்தவும் செய்யலாம்; ஆனாலும் இறக்க வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்திருந்தால், அந்த மரணத்தை அவன் மனமறிந்தே விளைவித்தவன்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. அதன் வரையறையில் அவன் நோக்கம் என்ன என்ற கேள்வியே இல்லை; அவள் அதை விரும்பவில்லை என்பதுதான் அளவுகோல். பல வருடங்கள் பெண்கள் போராடி நகர்த்திய ஒரு அங்குலம் அது.

ஆக, என் மாணவியும் டார்கெட் குறையும் என்று தெரிந்தே செய்தவள்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. தெரிந்தே செய்தவரிடம் 'ஏன்' என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அவள் பதில் வைத்திருந்தாள்: எண்பது பீஸை விட ஒரு பெண்ணின் காய்ச்சல் பெரிது. இதே கேள்வியை மேலே இருப்பவர்களிடம் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம்.

2021 டிசம்பர் 15. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐஃபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்டவர்களில் 250க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விடுதியின் சமையலறைக்குப் போனபோது எலிகளையும் மோசமான வடிகாலையும் பார்த்து அதை மூடினார்கள். ஒரு அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்ததாகவும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததாகவும் பெண்கள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது.

யாரும் அந்தப் பெண்களுக்கு வேண்டுமென்றே நஞ்சு வைக்கவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். ஆன்ஸ்கோமின் புத்தகத்தில் வரும் புகழ்பெற்ற உதாரணமே நஞ்சு கலந்த தண்ணீரை ஒரு வீட்டுக்கு பம்ப் அடித்து ஏற்றும் ஒருவனைப் பற்றியதுதான். நஞ்சு என்று அவனுக்குத் தெரியும். "எனக்கு என்ன, நான் கூலிக்கு வழக்கமான வேலையைச் செய்தேன்" என்கிறான் அவன். கறாராகப் பார்த்தால் நஞ்சூட்டுவது அவன் நோக்கம் இல்லைதான் என்று ஆன்ஸ்கோம் ஏற்றுக்கொள்கிறார். அதனால் அவன் குற்றமற்றவன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இந்த உதாரணத்தைப் படிக்கும்போதெல்லாம் பூந்தமல்லிதான் நினைவுக்கு வருகிறது. எலி ஓடுவது சமைக்கிறவருக்குத் தெரியாதா? முப்பது பேர் ஒரு அறையில் படுப்பது பஸ்ஸில் ஏற்றி வருகிறவருக்கும், ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரருக்கும், தணிக்கைக்கு வருகிறவருக்கும் தெரியாதா? ஒவ்வொருவரும் தன் பம்ப்பை அடித்தார்கள். 'தெரிந்தே' என்ற சொல் ஒருவர்மீதும் முழுதாக விழாதபடி வேலை பிரிக்கப்பட்டிருந்தது. லைனில் பீஸ் குறைந்தால் எந்த ஸ்டேஷன் என்று கம்ப்யூட்டர் காட்டும். இதற்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை.

நோக்கம் எங்கே மறைகிறது என்பதற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. அதே ஆலையில் ஐஃபோன் வேலைக்குத் திருமணமான பெண்களைச் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், மெட்டியும் தாலியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது என்றது செய்தி. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி தொடர்பான நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பாகுபாடு என்று சொல்வதற்கு ஒதுக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை, விளைவைப் பார்த்தால் போதும் என்றது. மெட்டியைக் கழற்றி வைக்க எத்தனை நொடி ஆகும்?

டிசம்பர் 2021க்குத் திரும்பலாம். 17ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயது, வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், சங்கம் இல்லாதவர்கள். மார்கழிக் குளிரில் இரவு முழுக்க, மறுநாளும். மறுநாள் ஆலை மூடப்பட்டது; 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் போலீஸ் பிடித்துவைத்து, பிறகு விட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிற்பேட்டையின் வரலாற்றில் 'வேண்டுமென்றே' என்ற சொல் முழுதாகப் பொருந்தும் செயல் இதுதான். இது வேண்டும் என்று சொல்லி, அதற்காகவே போய் உட்கார்ந்தார்கள். ஆனால் அன்று அந்தச் சொல்லை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது என்றார்கள். யாரோ தூண்டிவிட்டார்கள், பாவம், சின்னப் பெண்கள், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்றார்கள். வதந்தி இருந்தது உண்மைதான். மருத்துவமனையில் இருந்த தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு உடனே பதில் வந்திருந்தால் வதந்திக்கு இடம் இருந்திருக்காது. ஆனால் வதந்தி மட்டுமே ஒருத்தியை ராத்திரி முழுக்கத் தாரில் உட்கார வைக்காது. தண்ணீர் வராத கழிப்பறைக்கு எத்தனையோ நாள் போய்வந்தவள், அதை எண்ணிப்பார்த்து முடிவெடுத்திருக்க மாட்டாளா? மூன்று நொடி தாமதித்தவளுக்கு உள்நோக்கம் இருக்கிறது. நெடுஞ்சாலையை மறித்தவர்களுக்கு மட்டும் சொந்த நோக்கம் இல்லையா?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. திறந்ததற்கு எனக்கு மகிழ்ச்சிதான். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த ராத்திரியில் தாரில் உட்கார்ந்தவர்களைத் தேடுகிறேன்.

இப்போது என் பங்கு. அவள் எழுதிய வரியை ஏன் அடிக்கச் சொன்னேன்?

காரணங்கள் நியாயமானவை. "வேணும்னேதான் பண்ணேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம், விசாரணைகூடத் தேவைப்படாது. உண்மைக் காரணத்தை எழுதினால் காய்ச்சலோடு வந்த பெண்ணின் பெயரும் உள்ளே வரும். வீட்டில் தங்கையின் படிப்புக்கு இவள் சம்பளம்தான். எனவே நான் ஒரு நல்ல தமிழ்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்று எனக்கு மாதவிடாய் வலி அதிகமாக இருந்ததால் வழக்கமான வேகத்தில் பணியாற்ற இயலவில்லை, இது வேண்டுமென்றே நடந்ததல்ல, இனி இவ்வாறு நேராது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெண்ணின் முடிவை அவள் உடம்பின் கோளாறாக மாற்றும் வாக்கியங்கள் என்னிடம் தயாராக இருந்தன. 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்' என்றவர்களைப் பற்றி வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசியவள் நான்.

அவள் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். "நல்லா இருக்கு மேடம்" என்றாள். பிறகு, "ஆனா வலியெல்லாம் இல்ல அன்னைக்கு" என்றாள்.

"தெரியும். இப்படிக் குடு, விட்டுடுவாங்க."

விட்டுவிட்டார்கள். எச்சரிக்கையோடு முடிந்தது. காய்ச்சலோடு வந்த பெண் அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். என் மாணவி இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். அங்கே லைன் லீடர் ஆக்குவதாகப் பேச்சு. ஆனால் தன் லைனில் யாராவது மெதுவாகச் செய்தால் என்ன செய்வாள் என்று கேட்டதற்கு, "பக்கத்துல யாருக்கு உடம்பு சரியில்லன்னு மொதல்ல பாப்பேன்" என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளைத் தொலைபேசியில் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தாள், பின்னால் லாரிகளின் சத்தம். எழுதுங்க மேடம் என்றாள். அந்த லெட்டரில் எழுதியதை இதிலும் எழுதிவிடாதீர்கள், வேண்டும் என்றுதான் செய்தேன் என்று போடுங்கள் என்றாள். பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது. "பேர மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.